கிளானட் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளிக்கூடக் காதலைச் சொல்லும் அனிமேக்களில், அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்களில், பெரும்பாலானவை, பையனோ பெண்ணோ மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும் இடத்தோடு முடிந்துவிடும். கிளானட் என்ற தொடரில் அந்த இடம் 22வது எபிசோடில் வருகிறது. அதற்குப் பிறகும் 22 எபிசோடு பாக்கி இருக்கிறது. வேலைக்குப் போவது, வாடகை கொடுப்பது, பெண்ணின் அப்பா முன்னால் நின்று பெண் கேட்பது, சொந்த அப்பாவோடு ஒரே வீட்டில் இருக்க முடியாமல் தனியாகக் கிளம்புவது என்று, காதல் கைகூடிய பிறகு வரும் வாழ்க்கை முழுவதும் அந்தப் பின்பாதியில்தான். இத்தனை வருடம் கழித்தும் ரசிகர்கள் இந்தத் தொடரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம்.

சிக்கல் ஒன்று உண்டு. பின்பாதி தனியாக நிற்காது. அந்த ஊரையும் அந்த மனிதர்களையும் முன்பாதியில் பழகியிருந்தால்தான் பின்பாதி வலிக்கும். முன்பாதியோ நிதானமாக நகரும், பல இடங்களில் அசட்டுச் சிரிப்பாகவும் இருக்கும். பலர் நாலைந்து எபிசோடில் விட்டுவிடுகிறார்கள். சிலர் நேராக இரண்டாம் சீசனுக்குத் தாவி, ‘இதில் என்ன இருக்கிறது’ என்று கேட்கிறார்கள். வரிசையையும் வேகத்தையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் இரண்டையும் தவிர்க்கலாம். பெரிய திருப்பங்கள் எதுவும் இங்கே உடைக்கப்படவில்லை.

முதல் வேலை: பட்டியலைச் சரிசெய்வது

கிளானட் முதலில் ஒரு விஷுவல் நாவல், அதாவது படித்துக்கொண்டே போகும் கணினி விளையாட்டு. ஜப்பானின் கீ நிறுவனம் 2004 ஏப்ரலில் வெளியிட்டது. கதையில் பெரும்பங்கு ஜுன் மாயேடா எழுதியது. அதைக் கியோட்டோ அனிமேஷன் என்ற நிறுவனம் தொடராக எடுத்தது. இயக்கம் டட்சுயா இஷிஹாரா, திரைக்கதை ஃபுமிஹிகோ ஷிமோ. முதல் சீசன் 2007 அக்டோபரிலிருந்து 2008 மார்ச் வரையும், ‘ஆஃப்டர் ஸ்டோரி’ என்ற இரண்டாம் சீசன் 2008 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரையும் ஒளிபரப்பாயின.

நீங்கள் பார்க்க வேண்டியது முதல் சீசன் 1 முதல் 22 வரை, பிறகு ஆஃப்டர் ஸ்டோரி 1 முதல் 22 வரை. ஒன்று சுமார் 24 நிமிடம் என்பதால் மொத்தம் பதினேழரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

ஆனால் தொடரைக் காட்டும் இணையதளங்களில் இந்த எண்ணிக்கை இப்படி இருக்காது. முதல் சீசனுக்கு 24, இரண்டாவதுக்கு 25 வரைகூடக் காட்டும். கூடுதலாக இருப்பவை என்னவென்று தெரியாமல் போனால்தான் வம்பு. முதல் சீசனின் 23வது, கோடை விடுமுறையில் நடக்கும் கலகலப்பான துணைக்கதை. 22 முடிந்ததும் பார்க்கலாம், விட்டாலும் நஷ்டமில்லை. 24வது முற்றிலும் வேறு. ‘நாயகன் டொமோயோ என்ற பெண்ணைக் காதலித்திருந்தால்’ என்று மாற்றி யோசித்த கதை அது. இரண்டாம் சீசனின் 23வது ஒரு வருடம் பின்னோக்கிப் போகும் கதை, 24வது பழைய காட்சிகளின் தொகுப்பு, 25வது கியோ என்ற பெண்ணை வைத்து இன்னொரு ‘இருந்திருந்தால்’. இவை தெரியாதவர் முதல் சீசனை முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, தானாக அடுத்தடுத்து ஓடி, நாயகன் வேறொரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஆகவே ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். அந்த இரண்டு மாற்றுக் கதைகளையும் எல்லாம் முடிந்து சில நாள் கழித்துப் பாருங்கள். தனிக் கதைகளாக அவை நன்றாகவே இருக்கும்.

டோயி அனிமேஷன் 2007 செப்டம்பரில் வெளியிட்ட ஒரு திரைப்படமும் உண்டு. ஒசாமு டெசாகி இயக்கியது. ‘பதினேழு மணி நேரத்துக்குப் பதில் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாமே’ என்று அதை எடுக்காதீர்கள். தொடரின் மிகப் பெரிய திருப்பத்தை, அதற்கு முன் இருக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லாமல் சொல்லிவிட்டுப் போய்விடும். தொடரை முடித்தவர்களுக்கு மட்டுமே அது.

இன்னொன்று: தொடர் முடியும்வரை யூடியூபில் இதன் பாட்டுகளைத் தேடாதீர்கள். வீடியோவின் முகப்புப் படமே இரண்டாம் சீசனின் 16, 18 எபிசோடுகளின் காட்சியாக இருக்கும். கருத்துப் பகுதி அதைவிட மோசம்.

பெயர்கள், பள்ளி, ஒலி

நாயகன் பெயர் டொமோயா. மேலே சொன்ன பெண் டொமோயோ. சப்டைட்டில் வேகமாக ஓடும்போது எல்லோரும் தடுமாறும் இடம் இது. நீண்ட வெள்ளி நிற முடியோடு, காலால் எட்டி உதைத்தே ரவுடிகளை விரட்டுபவள் டொமோயோ. கியோவும் ரியோவும் இரட்டையர். நீள முடிக்காரி கியோ, கோபம் வந்தால் அகராதியை வீசி எறிவாள். குட்டை முடிக்காரி ரியோ, சீட்டுக்கட்டை வைத்து ஜோசியம் சொல்வாள். சொன்னதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும்.

ஜப்பானில் மேல்நிலைப் பள்ளி மூன்று ஆண்டு. கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். நாயகி நாகிசா நோயில் படுத்து வகுப்புக்குப் போக முடியாததால் மூன்றாம் ஆண்டை மறுபடி படிக்கிறாள். கூடப் படித்தவர்கள் எல்லோரும் பள்ளியை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். முதல் எபிசோடில் பள்ளி மேட்டின் அடிவாரத்தில் ஏற முடியாமல் தனியே நின்று அவள் தனக்குத்தானே பேசிக்கொள்வதற்குப் பின்னால் இருப்பது இதுதான். புதியவர்கள் பலர் அதை ஏதோ அனிமேக் கிறுக்குத்தனம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள்.

ஆங்கில டப் இருக்கிறது. ஆனால் ஜப்பானிய ஒலியோடு சப்டைட்டில் வைத்துப் பார்ப்பதே மேல். டொமோயாவின் அப்பா, சொந்த மகனை யாரோ பக்கத்து வீட்டுப் பையனை அழைப்பதுபோல ‘டொமோயா-குன்’ என்று மரியாதையாக அழைப்பார். அந்த வீட்டின் விரிசல் முழுவதும் அந்த மரியாதையில் இருக்கிறது. பல சப்டைட்டில்கள் அதை எழுதுவதே இல்லை. காதால்தான் பிடிக்க வேண்டும்.

ஓவியம் பற்றி ஒரு வார்த்தை. முகத்தில் பாதி கண்ணாகவே இருக்கும். விளையாட்டின் ஓவியர் இட்டாரு ஹினோவேயின் பாணி அது. முதல் நாள் உறுத்தும், மூன்றாவது எபிசோடுக்குள் கண் பழகிவிடும்.

முதல் சீசன்: எங்கே பொறுக்க வேண்டும்

இதன் அமைப்பு பலருக்குப் புரியாமல் எரிச்சலூட்டும். நாயகன், நாயகி என்று இரண்டு பேரை அறிமுகம் செய்துவிட்டு, கதை வேறு வேறு பெண்களின் பின்னால் போகிறதே என்று தோன்றும். மூல விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தனிப்பாதை உண்டு. விளையாடுபவர் அவற்றில் பலவற்றை முடித்த பிறகுதான் ‘ஆஃப்டர் ஸ்டோரி’ என்ற கடைசிப் பாதை திறக்கும். அந்தப் பாதைகளை ஒரே கோட்டில் கட்டியதுதான் அனிமே. இதைத் தெரிந்துகொண்டால் ‘கதை ஏன் அலைகிறது’ என்ற கேள்வி பாதி அடங்கிவிடும்.

முதல் 9 எபிசோடுகள் பெரும்பாலும் ஃபூகோ என்ற சிறுமியின் கதை. மரத்தில் நட்சத்திர மீன் செதுக்கி, கண்ணில் படுபவர்களிடமெல்லாம் நீட்டி, தன் அக்காவின் கல்யாணத்துக்கு வரச் சொல்வாள். நாலாவது, ஐந்தாவது எபிசோடில் ‘இந்தக் குழந்தைத்தனம் எத்தனை நேரம்’ என்று அலுக்கும். விட்டுவிடுபவர்கள் விடுவது இங்கேதான். 9வது வரை பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். அதுவரை நகைச்சுவைக்காகத் திரும்பத் திரும்ப வந்த அதே விஷயங்கள் 9வதில் வேறு கனத்தோடு வரும். இந்தத் தொடர் உங்களுக்கு ஒத்துவருமா என்பதற்கு அந்த எபிசோடே பரீட்சை. அதைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம். மேலே போனாலும் தோன்றாது.

10 முதல் 14 வரை, நூலகத்தில் செருப்பில்லாமல் உட்கார்ந்து படிக்கும் கோட்டோமியின் கதை. முதல் சீசனில் கட்டுக்கோப்பானது இதுதான். 14வதைப் பாதியில் நிறுத்தும்படியான நேரத்தில் தொடங்காதீர்கள். 15 முதல் 18 வரை கொஞ்சம் தொய்வு: மாணவர் தேர்தல், கூடைப்பந்து, பெண்களுக்குள் ஊடல். இருந்தாலும் 18வதில் ஒரு டென்னிஸ் ஆட்டம் வரும். நாகிசாவுக்கு அடிபடுகிறது, டொமோயா ஓடுகிறான், அவ்வளவுதான். சுற்றி நிற்கும் மற்ற பெண்களின் முகத்தை மட்டும் பாருங்கள். யாரும் எதையும் விளக்கிச் சொல்வதில்லை, ஆனால் மூன்று பேரின் கதை அங்கே முடிந்துபோகிறது. 19 முதல் 22 வரை நாகிசாவின் நாடகமும் அவளுடைய பெற்றோரும்.

அந்தப் பெற்றோரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அகியோவும் சனாயேவும் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார்கள். சனாயே புதிது புதிதாகச் செய்யும் ரொட்டி வாயில் வைக்க முடியாது. அகியோ அதை வாய்தவறிச் சொல்லிவிடுவார். அவள் அழுதுகொண்டே தெருவில் ஓடுவாள். அவர் அத்தனை ரொட்டியையும் வாயில் திணித்துக்கொண்டு ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று கத்தியபடி பின்னாலேயே ஓடுவார். இது பலமுறை வரும். மூன்றாவது முறை ‘போதுமே’ என்று தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள். பின்பாதியில் இந்த இருவரும் சிரிப்பை நிறுத்தும் இடங்கள் உண்டு. எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தவர்கள் என்பதால்தான் அந்த நிறுத்தம் நமக்குக் கேட்கிறது. கிளானட் அழவைக்கும் முறையே இதுதான்: வேடிக்கையை நிறையப் பழக்கிவிட்டு, பிறகு ஒருநாள் அதை எடுத்துவிடுவது. வேடிக்கைக் காட்சிகளை ஓட்டிவிட்டுச் சோகக் காட்சிக்கு மட்டும் நிறுத்துபவர்களுக்கு எதுவும் கிடைக்காமல் போவதற்கும் இதே காரணம்.

ஓட்டிவிடக் கூடாதவை இன்னும் இரண்டு. ஒன்று, முதல் சீசனின் முடிவுப் பாட்டு. டாங்கோ என்னும் அரிசிமாவு உருண்டைகளைக் குடும்பமாக்கிப் பாடும் குழந்தைப் பாட்டு; மெட்டு ஜுன் மாயேடாவுடையது, பாடியவர் சாட்டா. அந்த மெட்டு காதில் தங்கியிருக்க வேண்டும், பின்னால் தேவைப்படும். இரண்டாவது, அவ்வப்போது கதையை வெட்டிக்கொண்டு வரும் வெறிச்சோடிய வேற்றுலகக் காட்சிகள்: ஒரு சிறுமி, குப்பைத் துண்டுகளால் செய்த ஒரு பொம்மை. ஓரிரு நிமிடம்தான், அர்த்தம் புரியாது. புரிய வேண்டிய அவசியமும் இப்போது இல்லை. பார்த்து வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடு என்ற வேகம் முதல் சீசனுக்குப் பொருந்தும். ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் விழுங்கினால் ஊரும் மனிதர்களும் பழகுவதற்கு நேரமிருக்காது. இரண்டு மாதம் இழுத்தால் யார் யார் என்பதே மறந்துபோகும்.

ஆஃப்டர் ஸ்டோரி

சீசன் மாறியதும் உடனே ‘பின்கதை’ தொடங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் 8 எபிசோடுகள் இன்னும் பள்ளிக்காலம்தான். 1வது ஒரு பேஸ்பால் ஆட்டம், முழுக்கச் சிரிப்பு. 2 முதல் 4 வரை, நாயகனின் நண்பனும் தொடரின் உதைவாங்கியுமான சுனோஹாராவும் அவன் தங்கையும். 5, 6 விடுதிக் காப்பாளர் மிசாயே. 7, 8 யுகினே. இந்த வரிசையில் சுனோஹாரா கதைதான் தேறும். அவனை அதுவரை கேலிப்பொருளாக மட்டும் பார்த்தவர்கள் 4வதில் கொஞ்சம் வெட்கப்படுவார்கள். யுகினேயின் பகுதி, இரண்டு கும்பல்களின் தெருச்சண்டையாகி, தொடரிலேயே பலவீனமானது. ஆனாலும் தாண்டக் கூடாது. சில கதைகள் முடியும் இடத்தில் சின்ன ஒளி உருண்டை ஒன்று மிதப்பதைக் காட்டுவார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், காரணம் பின்னால்.

9வதிலிருந்து காலம் வேகமெடுக்கிறது. 10வதில் டொமோயா வேலைக்குச் சேர்கிறான். மின்பணி: கம்பம் ஏறித் தெருவிளக்கு மாட்டும் வேலை. கூட இருப்பவர் யோஷினோ, முன்னாள் ராக் பாடகர். காதல் அனிமே ஒன்றில் முழு எபிசோடையும் உடல் வலிக்கும், பழக்கமில்லாத கைக்கும், வேலை முடிந்து வந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிடும் களைப்புக்கும் கொடுப்பது அபூர்வம். அப்பாவோடு நடந்த சண்டையில் டொமோயாவின் வலது தோள் பழுதாகி, கையை மேலே தூக்க முடியாது என்பது முதல் சீசனிலேயே சொல்லப்பட்டது. கூடைப்பந்தை விட்டதற்கான காரணமாக மட்டும் இருந்த அந்தச் செய்தி, இங்கே அன்றாட வேலையின் இடைஞ்சலாகிறது. 11வதில் பள்ளி விழாவுக்கு வருகிறேன் என்று நாகிசாவுக்குச் சொன்ன வாக்கும் வேலையும் மோதும்போது அவன் எதைத் தேர்ந்தெடுக்கிறான் என்று பாருங்கள். வில்லன் யாருமில்லை, முறுக்கிய போல்ட்டு சரியாக இருக்கிறதா என்ற சந்தேகம் மட்டும்தான். வேலைக்குப் போய்க்கொண்டே குடும்பம் நடத்தியவர்களுக்கு இந்த எபிசோடு, பள்ளி மாணவர்களுக்குத் தெரிவதைவிடப் பெரிதாகத் தெரியும். பதினேழு வயதில் பார்த்தவர்கள் முப்பதில் திரும்பப் பார்ப்பதும் 10 முதல் 14 வரைக்காகத்தான்.

15வது முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். 16வதை இரவில், தனியாக, மறுநாள் காலையில் அவசர வேலை இல்லாத நாளில் பாருங்கள். இதில் பெரும்பாலோர் செய்யும் தவறு, 16ஐப் பார்த்துவிட்டு ‘இனி முடியாது’ என்று வாரக்கணக்கில் நிறுத்திவிடுவது. 16 ஒரு முடிவல்ல. மறுநாளே 17, 18 இரண்டையும் ஒரே அமர்வில் பார்த்துவிடுங்கள். ரசிகர்கள் எல்லோரும் பேசும் 18வது, 17வதின் வறட்சிக்கு விடையாக எழுதப்பட்டது. இடையில் இடைவெளி விழுந்தால் அதன் பலம் பாதியாகிவிடும். 19வதில் டொமோயாவின் அப்பாவின் கதை ஒரு முடிவுக்கு வருகிறது. 18 அளவுக்கு அது பேசப்படுவதில்லை, ஆனால் எழுத்து என்று எடுத்துக்கொண்டால் தொடரின் உச்சம் இதுவே என்று அடித்துச் சொல்லலாம்.

ஓர் எச்சரிக்கை. நோய், மரணம், குடிப்பழக்கம், பெற்றோரும் பிள்ளையும் விலகிப்போவது, இவை எல்லாமே பின்பாதியில் நேராக வருகின்றன. வீட்டில் அண்மையில் துக்கம் நடந்தவர்கள் தள்ளிப்போடுவது நல்லது. சிறு பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கும் தொடரும் அல்ல.

முடிவு பற்றி

21, 22 இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கடைசி எபிசோடில் பாட்டு தொடங்கியதும் எழுந்துவிடாமல், திரை முழுக்க இருளும்வரை இருங்கள்.

முடிவைப் பார்த்து ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று சொல்பவர்கள் நிறைய உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. அனிமே தன் விளக்கத்தைக் கடைசி இரண்டு எபிசோடுக்குள் அவசரமாக அடைக்கிறது. விளையாட்டில் இந்த இடம் தெளிவாக இருக்கும். ஒருவரின் ஆசையை நிறைவேற்றும்போதோ மனக்காயத்தை ஆற்றும்போதோ விளையாடுபவருக்கு ஓர் ஒளி கிடைக்கும். அந்த ஒளிகளைச் சேர்த்தால்தான் உண்மையான முடிவு திறக்கும். அதாவது முடிவு வானத்திலிருந்து விழுந்தது அல்ல. ஃபூகோவிலிருந்து யுகினே வரை அலைந்த அத்தனை கிளைக்கதைகளுக்கும் கிடைத்த பலன். இதை மனதில் வைத்துக்கொண்டு வேற்றுலகக் காட்சிகளை மட்டும் மறுபடி வரிசையாக ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் விளங்கிவிடும். விளங்கிய பிறகும் பிடிக்கவில்லை என்றால் அது ரசனை. அதில் வாதம் இல்லை.

அடுத்து என்ன

இதே இயக்குநரும் இதே நிறுவனமும் கீயின் வேறு இரண்டு விளையாட்டுகளையும் அனிமேயாக்கியிருக்கிறார்கள்: 2005இல் ஏர், 2006இல் தொடங்கி 24 எபிசோடாக வந்த கானன். முதலில் கானன், பிறகு ஏர். ஏர் சிறியது, ஆனால் குழப்பமானது. கிளானட்டின் கதை அமைப்பு பழகிவிட்டால் கானன் எளிது. மூல விளையாட்டு 2015 முதல் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. வாசிப்பு மிக நீளம், அனிமேயைப்போலச் சில நாளில் முடியாது.

தேடும்போது ‘டொமோயோ ஆஃப்டர்’ என்ற பெயரும் கண்ணில் படும். ஆஃப்டர் ஸ்டோரியின் தொடர்ச்சி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். டொமோயோவைத் தேர்ந்தெடுத்த மாற்றுப் பாதையிலிருந்து கிளைக்கும் தனி விளையாட்டு அது. கிளானட் எல்லா வயதினருக்கும் என்று வெளியானது. இதுவோ 2005இல் முதன்முதலில் வயதுவந்தோருக்கு மட்டும் என்று வெளியானது. எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள்.